பன்னிரண்டு தட்டு

காலை ஒன்பது இருபது, பன்னிரண்டு தட்டு, பூங்கோதை. பூங்கோதை என் மனைவி. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

பைக் நானூற்றுப் பதினொரு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் பாகலூரிலிருந்து வந்தவர், அடிபட்ட வண்டியோ என்று தரையில் படுத்து அடிப்பாகமெல்லாம் பார்த்தார். வண்டிக்கு ஒன்றும் இல்லை. பின் சீட்டைப் பாருங்கள். ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் கவர் அப்படியே இருக்கிறது. இதுவரை யாரும் உட்காரவில்லை. நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள், சொல்கிறேன். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

என் பேர் தட்சிணாமூர்த்தி. இங்கே ஓசூர் சிப்காட்டில் பம்ப் பாகங்கள் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இருபத்தொரு வருஷம். என் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் வெளியே போகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிதான். ஓசூரில் ஒரு ரைடர்ஸ் கிளப் இருக்கிறது. எல்லாம் குரூசர் வண்டிகள், காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டுகிற ரகம். மாதத்தில் ரெண்டு ஞாயிறு கூட்டமாகக் கிளம்புவோம். பூங்கோதை பின்னால் உட்கார்ந்து வருவாள். ஒரு நாள்கூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. வரட்டுமா என்று அவளாகக் கேட்டதும் இல்லை, அது வேறு விஷயம்.

ஓட்டும்போது பேசுவது எனக்கு ஆகாது. ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்கிற கருவி எல்லாம் வந்துவிட்டது, எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன். பதிலாக ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போ. ரெண்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். மூணு தட்டினால் இடுப்பு வலிக்கிறது. அவ்வளவுதான். அவளுக்குத் தாகம் அதிகம், அடிக்கடி ரெண்டு தட்டு விழும். அடுத்த பாயிண்டில், அதாவது எல்லாரும் நிற்கிற இடத்தில், குடிக்கலாம் என்று அவள் முட்டியில் லேசாகத் தட்டிக் காட்டுவேன். புரிந்துகொள்வாள்.

அவள் அப்பா அரசு பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம் திருப்பத்தூர் டெப்போ. இந்த ஏற்பாட்டைப் பேசின அன்றைக்கே பூங்கோதை சொன்னாள்.

"என்னங்க, ஒரு தட்டு தட்டினா நிறுத்திடுங்க. எங்கப்பா விசில் மாதிரி. ஒரு விசில்னா நிக்கணும், ரெண்டு விசில்னா போகணும்."

"அது பஸ்ஸுக்கு. ரோட்டுல நெனச்ச எடத்துல நிக்கிறதுக்கு இதென்ன டவுன் பஸ்ஸா?" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்தது.

இந்த வருஷம் ஜனவரி பத்தொன்பது, ஞாயிறு. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக ஒகேனக்கல். பதினெட்டு வண்டி. முதல் வண்டி தேவராஜ், அவர்தான் கிளப் தலைவர். ரெண்டாவது வண்டி நான். ஆறு வருஷமாகப் பதினொன்று, பதிமூன்று என்று நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரெண்டாவது இடம். கிளப்பில் சட்டம் என்னவென்றால் ஒரு பாயிண்டில் கிளம்பினால் அடுத்த பாயிண்டில்தான் நிற்கவேண்டும். நடுவில் வரிசையைக் குலைத்தவன் அடுத்த ஆறு மாதம் கடைசி வண்டி. ராயக்கோட்டை தாண்டியாயிற்று. அடுத்த பாயிண்ட் பாலக்கோடு டீக்கடை.

ஒன்பது இருபதுக்குத் தட்ட ஆரம்பித்தாள். மூணு. பிறகு மூணு. முட்டியில் தட்டிப் பொறு என்றேன். மறுபடி மூணு. இன்னொரு மூணு. ஆக மொத்தம் பன்னிரண்டு. நாலு மடங்கு இடுப்பு வலி என்று கணக்குப் பண்ணினேன். அப்போதிருந்த பழைய வண்டியின் பின் சீட்டு எட்டு அங்குல அகலம்தான். ஸ்பிரிங்கும் கட்டை. வலிக்கத்தான் செய்யும். பாலக்கோட்டில் இறங்கினதும் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று ஓட்டினேன். அவள் பின்னால் என்னவோ கத்தின மாதிரியும் இருந்தது. தீபாவளிக்கு சைலன்ஸர் மாற்றியிருந்தேன். நல்ல கனமான சத்தம், ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே நான் வருவது தெரியும். அதில் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பது ஐம்பதுக்கு பாலக்கோடு. பூங்கோதை இறங்கினாள். நடக்கவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டீக்கடை வாசலில் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கையில் போன்.

மாமாவுக்கு, அவள் அப்பாவுக்கு, விடியற்காலையில் நெஞ்சுவலி. மச்சான் இளவழகன் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவர்கள் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் மாமா, கோதைகிட்ட பேசணும் என்று தன் போனை வாங்கி அவரே பேசியிருக்கிறார். மச்சான் அந்த நேரம் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிற இடத்தில் நின்றிருக்கிறான். பக்கத்தில் யாரும் இல்லை. ஒன்பது இருபதுக்கு அழைப்பு. நாலு நிமிஷம் பதினொரு நொடி. போனில் நானே பார்த்தேன். ஆம்பூர் தாண்டுவதற்குள் மாமா போய்விட்டார்.

என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது.

நல்ல மனுஷர் சார். என்னிடம் எப்போதும் கிண்டல்தான். சைலன்ஸர் மாற்றின வண்டியில் தீபாவளிக்குப் போனபோது வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு, "மாப்ள, எங்க டெப்போவுல கண்டம் பண்ணி ஓரங்கட்டின பஸ்ஸு இதைவிட அடக்கமா வரும்" என்றார்.

காரியம் முடிந்தது. நான் வேலைக்குத் திரும்பினேன். அவள், அம்மாவுக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். நியாயம்தானே. பிப்ரவரி முழுக்க அங்கே இருந்தாள். மார்ச் வந்தது. போன் பண்ணினால், "சாப்டீங்களா", "மாத்திரை போட்டீங்களா" என்பாள். எப்ப வர்றே என்றால், அம்மா கூப்பிடுறாங்க என்று வைத்துவிடுவாள்.

தனி வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வேலையில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் காரணத்தைத் தேடிப் பின்னால் போவோம். எந்த மெஷின், எந்த ஷிப்ட், எந்த டூல். அப்படியே போனேன். பாலக்கோடு, அதற்கு முன்னால் தட்டு, அதற்கு முன்னால் இடுப்பு வலி, அதற்கு முன்னால் சீட்டு. ஆக சீட்டுதான். சீட்டு சரியாக இருந்திருந்தால் அவள் எதற்காகத் தட்டினாலும் இடுப்பு வலி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும். வேறு ஏதோ என்று நிறுத்தியிருப்பேன். சரிதானே சார்? எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், கணக்கு சரியாகத்தான் வருகிறது.

வண்டியை மாற்றிவிட்டால் அவள் வந்துவிடுவாள். ஏப்ரலில் ஆரம்பித்தேன்.

நாலு வண்டி. கம்பெனி பேர் சொல்ல மாட்டேன். எங்கள் ஃபேக்டரியில் சப்ளையர் பேரை மறைத்துத்தான் சோதிப்போம், பேரைப் பார்த்தால் மார்க் போடுகிற கை வளையும். அதனால் சாம்பிள் ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. ஷோரூமில் டெஸ்ட் ரைடு என்றால் ஓட்டிப் பார்க்கத்தான் கொடுப்பார்கள். பின்னால் எப்படி இருக்கிறது என்று எவனும் கேட்பதில்லை போலிருக்கிறது. ஐம்பது கிலோ அரிசி மூட்டையும் எட்டு கிலோ இரும்பும் கட்டிக்கொண்டு போய் நின்றேன். பூங்கோதையின் எடை ஐம்பத்தெட்டு. சேல்ஸ் பையன் பயந்துவிட்டான். மூட்டைக்கு இடுப்பு கிடையாது என்று எனக்கும் பிறகுதான் தோன்றியது. எங்கள் கிரேன் ஆபரேட்டர் லூர்துசாமியைக் கூட்டிப்போனேன். ஐம்பத்திரண்டு வயசு, இடுப்பு ஏற்கெனவே கெட்டுப்போனது. சோதனைக்கு அதைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார்.

சாம்பிள் ஒன்று, முன்னூற்றைம்பது சிசி, ஒரே சிலிண்டர். முன் சீட்டு சோபா மாதிரி. கை நீட்டாமல் ஹேண்டில் பார் எட்டுகிறது, கால் நன்றாக முன்னால் போகிறது, மணிக்கு எழுபதில் தூக்கமே வந்துவிடும். பின் சீட்டு உள்ளங்கை அளவு, அதுவும் பின்பக்கம் சரிவு. கால் வைக்கிற கம்பி உயரத்தில் இருப்பதால் முட்டி மாரில் இடிக்கிறது.

"சார், முன்னாடி நீங்க ராஜா. பின்னாடி நான் கோழிக்கூடை மேல உக்காந்து சந்தைக்குப் போறேன்" என்றார் லூர்து.

சாம்பிள் ரெண்டு, அறுநூற்றைம்பது, ரெட்டை சிலிண்டர். நூறில் போனாலும் கண்ணாடி நடுங்கவில்லை. ஆனால் பின் ஸ்பிரிங் கட்டை. சூளகிரி பக்கம் ஒரு வேகத்தடையில் லூர்து சீட்டை விட்டு மேலே போய் என் முதுகில் வந்து உட்கார்ந்தார். சாம்பிள் மூணு எடை குறைவு, பின்னால் சாய்ந்துகொள்ள பேக்ரெஸ்ட் உண்டு, நகரத்துக்குள் அருமை. அறுபதைத் தாண்டினால் கால் கம்பி அதிர்கிறது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் இறங்கச் சொன்னால், "இருங்க சார், ரெண்டு காலும் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

சாம்பிள் நாலு, உங்கள் முன்னால் நிற்கிறது. ஐந்நூறு சிசி, ரெட்டை சிலிண்டர். பின் சீட்டு பதினொரு அங்குலம், நானே டேப் வைத்து அளந்தது. பேக்ரெஸ்ட் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் மெத்தென்று உட்கார்ந்து எழுகிறது. குறை என்றால் ஒன்றுதான், டிராஃபிக்கில் நின்றால் வலது கெண்டைக்காலில் எஞ்சின் சூடு அடிக்கும். நூற்றுக்கு எழுபத்தெட்டு.

மே பதினொன்று, நாலு வண்டிக்கும் மார்க் போட்ட தாளை எடுத்துக்கொண்டு கந்திலிக்குப் போனேன். திருப்பத்தூருக்கு முன்னால் இருக்கிறதே, அங்கேதான் மாமா வீடு. பழைய வண்டியில்தான் போனேன். அத்தை தெருமுனை வரைக்கும் ஓடி வந்து மறித்தார்.

"மாப்ள, வண்டிய இங்கயே நிறுத்திட்டு நடந்து வாங்க. அந்தச் சத்தம் கேட்டா அவ அன்னிக்குப் பூரா சோத்துல கை வெக்க மாட்டேங்குறா."

பாருங்கள், சத்தத்தை நான் மார்க் தாளில் சேர்க்கவே இல்லை. தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

பூங்கோதை துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். தாளைப் பிரித்து வைத்தேன்.

"கோதை, எல்லாத்தையும் அளந்துட்டேன். பின் சீட்டு பதினோரு அங்குலம். சாஞ்சுக்கலாம். இனிமே இடுப்பு வலி வராது."

"எனக்கு இடுப்பு வலின்னு யாருங்க சொன்னது?"

"நீதானே தட்டினே? மூணு மூணா நாலு தடவை."

மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் எண்ணித் தட்டலைங்க. அப்பா பேசினாரு. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் சொருகிக்கிட்டேன். அவர் குரல் வந்துச்சு, வார்த்தை வரலை. உங்க வண்டிதான் கேட்டுச்சு. அப்பா அப்பான்னு கத்தினேன். அவருக்கும் உங்க வண்டிதான் கேட்டிருக்கும். கடைசியா."

நான் பேனாவை எடுத்துத் தாளில் ஒரு கட்டம் சேர்த்தேன். சத்தம். கீழே இன்னொன்று, பின்னால் உட்கார்ந்து போன் பேச முடியுமா. அவள் கண் முன்னாலேயே எழுதினேன். அவள் சொன்னதை நான் எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியவேண்டும் அல்லவா?

நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்த வண்டியில நான் தட்டினா நிறுத்துவீங்களா?"

நிறுத்துவேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். மச்சானும் பிறகு அதைத்தான் சொன்னான். ஆனால் நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை.

"தனியாப் போனா கண்டிப்பா நிறுத்துவேன். குரூப்புல ரெண்டாவது எடத்துல போறப்போ பின்னால பதினாறு வண்டி வருது கோதை. கை காட்டணும், ஓரம் பாக்கணும். அதுவும் ரொம்ப அவசரம்னு எனக்குத் தெரிஞ்சா..."

"சரிங்க" என்றாள். "மோர் குடிச்சிட்டுக் கிளம்புங்க. வெயில் ஏறிடும்."

சரிங்க என்றாள் சார். பதினாலு வருஷத்தில் அவள் சரி என்று சொல்லி எதுவும் சரியில்லாமல் போனதில்லை. எனக்குத் தெரிந்து.

ஜூன் எட்டு, சாம்பிள் நாலை மறுபடி கேட்டு வாங்கினேன். இந்தத் தடவை லூர்துவை ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால். ஒரு விஷயம் சொல்கிறேன், பின்னால் உட்கார்ந்தால் ரோடு தெரிவதில்லை. முன்னால் இருப்பவன் முதுகுதான் தெரிகிறது.

அறுபதில் போகும்போது போனை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு கூப்பிட்டேன். மாமா நம்பர்தான் கைக்கு வந்தது. மச்சான் எடுத்தான்.

"மச்சான், வண்டியில பின்னால உக்காந்திருக்கேன். ஏதாவது பேசு, கேக்குதான்னு பாக்கணும்."

"மாமா, அப்பா நம்பர்ல இனிமே கூப்பிடாதீங்க மாமா" என்றான்.

ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் கேட்டது. பத்துக்குப் பத்து போட்டேன்.

அடுத்தது தட்டு. லூர்துவிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. முன்னால் இருப்பவனுக்குத் தட்டு எப்படித் தெரிகிறது என்று பார்க்கவேண்டும். பன்னிரண்டு தட்ட வேண்டும், அதே நாலு நிமிஷத்தில். தோளில் ஒரு தட்டு தட்டினேன். லூர்து இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, காலை ஊன்றி நிறுத்திவிட்டார்.

"எதுக்கு நிறுத்துனீங்க லூர்து?"

"தட்டினீங்களே சார்."

"எதுக்குத் தட்டறேன்னு தெரியாமயே நிறுத்துவீங்களா?"

"நிறுத்தினாத்தானே சார் எதுக்குன்னு தெரியும்."

சோதனை கெட்டுப்போனது. ரெண்டாவது தட்டே தட்டவில்லை. கோபத்தில் திட்டிவிட்டேன், பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்தக் கட்டத்துக்கு என்ன மார்க் போடுவது என்று தெரியவில்லை. அது வண்டியில் சேருமா ஓட்டுகிறவனில் சேருமா? வெறுமையாக விட்டுவிட்டேன். இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஜூன் இருபத்தொன்பது டெலிவரி எடுத்தேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராகக் கந்திலி. வாசலில் போய் நின்றபிறகுதான் வந்திருக்கிறேன் என்றே வீட்டில் தெரிந்தது, அவ்வளவு அமைதி. பூங்கோதை வெளியே வந்தாள். பிளாஸ்டிக் கவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"சத்தமே இல்லையே" என்றாள்.

"இல்லை பார்த்தியா? ஏறு, மலையடிவாரம் வரைக்கும் போயிட்டு வரலாம்."

உள்ளே போனாள். ஹெல்மெட் எடுக்கத்தான் போகிறாள் என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்தேன். ஹெல்மெட்டோடுதான் வந்தாள். என் கையில் கொடுத்துவிட்டு, "இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலையில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாலு பக்கம். எத்தனையோ தடவை படித்துவிட்டேன், வண்டியைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'பதினான்கு ஆண்டுகளாக எனது கட்சிக்காரரின் எந்தக் கோரிக்கைக்கும்' என்று ஒரு வரி இருக்கிறது. பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறார்கள். எந்தக் கோரிக்கை, எந்தத் தேதி என்று இல்லாமல் நான் எதைச் சரி பண்ணுவது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் சார், விற்கவேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. உங்களிடம் ஒரு உதவிதான். வீட்டில் உங்கள் சம்சாரம் இருக்கிறார்கள் அல்லவா? அழைத்து வாருங்கள். பின்னால் உட்காரவைத்து கிருஷ்ணகிரி வரைக்கும் போய் வாருங்கள், பெட்ரோல் நான் போடுகிறேன். திரும்பி வந்து வசதியாக இருந்தது என்று அவர்கள் கையால் ரெண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு பொம்பளை சொன்னால் இன்னொரு பொம்பளை நம்புவாள். அடுத்த வாய்தா நவம்பரில். அதற்குள் வேண்டும். குறை இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள், சரி பண்ணிவிடுகிறேன். எந்தக் குறையானாலும் சரி பண்ணிவிடுவேன். என்ன குறை என்று யாராவது சொன்னால் போதும்.

முதல் வாய்தாவா? அது செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை. திருப்பத்தூர் கோர்ட்டில் ரெண்டு பேரையும் கூப்பிட்டு, தேதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பூங்கோதை டவுன் பஸ் ஏறினாள். எனக்கும் அதே ரோடுதான், பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். கந்திலிக்குக் கொஞ்சம் முன்னால், ஸ்டாப் இல்லாத இடத்தில், அவள் எழுந்து கண்டக்டரிடம் ஏதோ சொன்னாள். ஒரு விசில். நம் வண்டியில் சத்தம் இல்லாததால் ஹெல்மெட்டுக்குள்ளேயே கேட்டது. பஸ் நின்றது. பூங்கோதை இறங்கினாள். ரெண்டு விசில். பஸ் கிளம்பியது. எனக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்த இடத்தில் நிறுத்த முடியாது. நானும் போய்விட்டேன்.